கச்சேரி ஒரு ராத்திரி, ஆர்கெஸ்ட்ரா வருஷம் முழுக்க

நான் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவன். எங்க ஊர்ல பழுப்பு நிலக்கரி வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அடியில அழுத்தத்தோட நிக்கிற நிலத்தடி நீரை இறைச்சுக்கிட்டே இருக்கணும். பகல், ராத்திரி, பொங்கல், தீபாவளி எல்லாம் ஒண்ணுதான். பம்ப் நின்னா சுரங்கத்துல வேலை நடக்காது.

இன்னைக்குப் பேசப்போறது சிம்பொனி பத்தி. சம்பந்தம் இருக்கு, சொல்றேன்.

2025 மார்ச் 8. இளையராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனி லண்டன்ல அரங்கேறிச்சு. எல்லாரையும் போல நானும் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் உறுத்துச்சு: பண்ணைப்புரத்துக்காரர் எழுதினதுக்கு முதல் மேடை ஏன் லண்டன்?

ஏன்னா, இந்தியாவுல தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஒண்ணே ஒண்ணுதான். மும்பை என்சிபிஏ-வில் 2006-ல் தொடங்கிய 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா'. அதுவும் வருஷத்துக்கு ரெண்டு சீசன்தான் முழு அளவுல வாசிக்குது. நிரந்தரக் கலைஞர்கள் கொஞ்சம் பேர். சீசனுக்கு வெளிநாட்டுலேர்ந்து ஆள் வரணும். ஓபோ, பஸூன் வாசிக்க இங்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். அதனாலதான் அவங்களே குழந்தைகளுக்கு ஒரு இசைப்பள்ளியும் நடத்துறாங்க.

நாம கைதட்டுறது கச்சேரிக்கு. ஆனா மாசச் சம்பளம், ஒத்திகை, பள்ளி, இதுதான் அந்த பம்ப்.

சென்னையில வயலின் கத்துக்கிற ஒரு பொண்ணு, "இதையே வேலையா பண்ணலாமா?"ன்னு கேட்டா, தமிழ்நாட்டுல இன்னைக்கு நம்மகிட்ட பதில் இல்ல. அடுத்த சிம்பொனியைவிட எனக்கு அந்தப் பதில்தான் அவசரமாத் தெரியுது.