முன்பணம் இல்லாத உதவி



இப்படி ஒரு கருத்தரங்கில் தலைமை ஏற்பவர் அறிவியலின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் பணத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். கோடைகால அறிவியல் பயிற்சிக்குத் தேர்வாகியும் புறப்பட முடியாமல் நின்றுவிடும் பிள்ளைகளை எப்படி அனுப்பிவைப்பது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

இந்த மண்ணுக்கு இது புதிய கவலை அல்ல. 1910-இல் இராமானுஜன் வேலை தேடி வந்த ஊர்களில் ஒன்று நம் திருக்கோவிலூர். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசுவாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். இளைஞர் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு, அவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைக்க மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கடிதம் சோறு போடுமா? நெல்லூர் ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு, மாதம் 75 ரூபாய் உதவித்தொகை ஒதுக்கியது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது ஆண்டுக்கு 250 பவுண்டு, கப்பல் கட்டணம், உடுப்புச் செலவு. உதவித்தொகையில் ஒரு பகுதி ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போகவும் ஏற்பாடு ஆயிற்று.

அந்த உடுப்புச் செலவை யோசித்த குமாஸ்தா யாரோ, அவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். புறப்படுவதற்கு முன்னால் என்ன தேவைப்படும் என்று அன்றைய ஆட்சியில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.

இன்று வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்திட்டத்தில், இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இருக்கலாம். உதவித்தொகையும் உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. எஸ். குமரேசன் தலைமையில் 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி முகாமில் நான்கு வாரம் சோறும் தங்குமிடமும் இலவசம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோவின் யுவிகா பயிற்சித் திட்டம் இருக்கிறது. கிராமப் பள்ளியில் படிப்பவர்களுக்கு அதில் கூடுதல் மதிப்பும் உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை கணித அறிவியல் நிறுவனமும் கோடையில் கதவைத் திறந்துதான் வைக்கின்றன.

ஆனால் பல இடங்களில் ரயில் கட்டணம் கைக்கு வருவது போய்ச் சேர்ந்து டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து, ரயிலுக்குச் சின்னசேலமோ சேலமோ போக வேண்டும். முன்பதிவுக்குக் கையில் காசு வேண்டும். ஒரு பெட்டி, ஒரு ஜோடி செருப்பு வேண்டும். முதல் வாரச் செலவுக்கு வேண்டும். துணைக்கு வரும் அப்பாவின் டிக்கெட்டை எல்லாத் திட்டங்களும் ஏற்பதில்லை. அவருக்கு நாலு நாள் கூலியும் போகும். அந்தப் பெண்ணே விடுமுறையில் மரவள்ளிக் காட்டுக்கோ வெளிமாநிலத் தோட்டத்துக்கோ போய் அடுத்த ஆண்டுச் செலவுக்குச் சேர்ப்பவளாக இருந்தால், கோடை முழுவதும் படிக்கப் போவது அவள் வீட்டுக்கு இரட்டை நஷ்டம். திரும்பக் கிடைக்கும் பணம் என்பது, ஏற்கெனவே பணம் வைத்திருப்பவருக்கு மட்டுமே உதவி.

இதை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். லாகூரில் சில ஆண்டுகள் ஆராய்ச்சித் துணையின்றித் தனித்திருந்த இயற்பியலாளர் அப்துஸ் சலாம், 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் கோட்பாட்டு இயற்பியல் மையம் தொடங்கியபோது, வளரும் நாடுகளிலிருந்து வருவோருக்குப் பயணச் செலவு தருவதைத் திட்டத்தின் உயிராகவே வைத்தார். அழைப்பிதழோடு வழிச்செலவும் போனால்தான் அழைப்பு என்பது அவருக்குத் தெரியும்.

நம்மிடம் உள்ள இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த விண்ணப்பங்களில் பலவற்றுக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பல அரசுக் கல்லூரிகளில் வகுப்பெடுப்பவர் கௌரவ விரிவுரையாளர். அடுத்த பருவத்தில் இருப்பாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. மாணவரை இரண்டு ஆண்டாவது கூர்ந்து பார்த்தவர்தான் நல்ல கடிதம் எழுத முடியும். பணிநிரந்தரக் கோரிக்கையைப் பேச இது மேடையில்லை என்பார்கள். என் கணக்கில் இதுவும் கோடைப் பயிற்சிச் செலவுதான்.

ஆகவே இந்த அவை ஒரு சுழல் நிதியைத் தொடங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். தேர்வுக் கடிதம் வந்த மூன்றாம் நாளே ஐயாயிரம் ரூபாய் முன்பணம். வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்துப் போதும், ஜாமீன் கேட்கக் கூடாது. பயிற்சி நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தந்ததும் அந்தப் பங்கு நிதிக்கு வரட்டும். பெட்டிக்கும் செருப்புக்கும் அப்பா டிக்கெட்டுக்கும் ஆனது வர வேண்டாம். அது நம் கொடை. இருபது பேருக்கு ஒரு லட்ச ரூபாய். இந்த அரங்கின் பந்தலுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆன செலவை நான் விசாரிக்கவில்லை, பொருளாளர் அறிவார்.

எனக்குரிய மதிப்பூதியத்தை முதல் வரவாக எழுதிக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். பொன்னாடைகளை அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம். மாலை அமர்வில் தீர்மானம் வரும். கோடைக்கான விண்ணப்பங்களில் சில டிசம்பருக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. நிதி அதற்கு முன் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்.