பருவம் மாறினும் மாறாத தொண்டு

கண்டி மாநகரிலிருந்து கிழக்கே குண்டசாலையைக் கடந்து சென்றால் திகன என்னும் ஊரை அடையலாம். அதன் அருகே மகாவலி கங்கை 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா அணையினால் பெரியதொரு நீர்த்தேக்கமாகப் பரந்து கிடக்கிறது. தென்மேல், வடகீழ் என்னும் இரு பருவக்காற்றுகளும் இம் மலைநாட்டுக்கு மழை தருவன. அவை பொய்த்துவிடும் ஆண்டுகளும் உண்டு. நிலத்துக்குப் பருவங்கள் இருப்பது போலவே, பிற நாட்டில் சமயத் தொண்டு புரிய வருவோர் வாழ்விலும் பருவங்கள் உண்டு. அவற்றையெல்லாம் இக் கண்டி மண்ணிலே கண்டவர் யோசேவாஸ் அடிகளார்.

அடிகளார் 1651இல் கோவாவிலே பிறந்தார். கொங்கணி அவர் தாய்மொழி. அவர் குருவாகப் பணியாற்றிய காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் எவரும் நாட்டில் இருக்க இயலவில்லை. ஆட்சியின் துணையோடு வந்த சமயம் அந்த ஆட்சி வீழ்ந்ததும் ஆதரவற்றுப் போயிற்று.

அத்தகைய வேளையில், 1687இல் அடிகளார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவருக்குப் பின்னால் படையும் இல்லை, பணமும் இல்லை. கூலியாளைப் போல வேடம் பூண்டு வந்த அவரை முதலில் வரவேற்றது கொடிய நோயே. நோய் தணிந்த பின் சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் வீடுவீடாகச் சென்று மக்களைத் திடப்படுத்தினார். தமிழைக் கற்று, தமிழிலேயே போதித்தார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

அடிகளார் 1692இல் கண்டியை நோக்கி வந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று எவரோ கோள் கூறினர். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். பயணம் முடிந்துவிட்டது என்று பிறர் சோர்ந்திருக்கக் கூடும். அடிகளாரோ காவலில் இருந்த நாட்களைச் சிங்கள மொழி கற்கும் பள்ளிக்காலமாக ஆக்கிக்கொண்டார். நாளடைவில் காவல் தளர்ந்தது. மழையின்றி நாடு வாடிய ஒரு சமயம் அவர் சிலுவையை நாட்டிச் செபித்ததாகவும், அப்போது மழை பொழிந்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். மழையைப் பற்றி யார் எவ்வாறு கருதினாலும், அரசன் அவருக்கு உரிமையளித்தான் என்பது வரலாறு. கிறிஸ்தவரான ஒல்லாந்தர் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னன் புகலிடம் தந்தான்.

அந்தப் புகலிடத்துக்கு அடிகளார் நன்றி செலுத்திய காலமும் வந்தது. 1697இல் கண்டி நகரிலே பெரியம்மை பரவிற்று. அஞ்சியவர்கள் நோயாளரைக் கைவிட்டு அகன்றனர். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று உணவளித்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயுற்றவர் எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் வினவவில்லை. ஒற்றர் என்ற ஐயத்தை அகற்ற ஆயிரம் சொற்களால் இயலாததை இந்தத் தொண்டு செய்து முடித்தது.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் வந்து சேர்ந்தார். சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றினார். 1707இல் அரியணை ஏறியவன் நரேந்திரசிங்கன். திகனவுக்கு அண்மையிலுள்ள குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தவன் அவனே. அவன் ஆட்சியிலே, 1711 சனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியில் உயிர் நீத்தார். பின்னர் பருவம் மறுபடியும் மாறியது. ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் குருமார் கண்டியை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆயினும் அடிகளார் ஊன்றிய சமூகம் அழியவில்லை. 2015 சனவரி 14இல் கொழும்புக் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

அந்நியருக்கு அடைக்கலம் அளிப்பது கண்டி அரசர்க்குப் புதிதன்று. அடிகளார் வருவதற்கு முன்பே, போர்த்துக்கேயர் 1626இல் விரட்டிய முஸ்லிம்களை ஏற்று மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியவன் செனரத் மன்னன். அந்த மரபுக்கு உரிய நிலத்திலேதான், 2018 மார்ச்சு மாதத்தில், ஒரு மனிதரின் மரணத்தைச் சாக்காகக் கொண்டு, திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கி எரிக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. ஐயம் என்னும் நோய் பெரியம்மையைப் போலவே விரைந்து பரவக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வந்தவர் வாழும் மண்ணின் மொழியைக் கற்று, அதன் துன்பத்தில் பங்கு கொண்டார். வாழ்ந்திருந்தவர் ஐயத்தை விட்டு அவருக்கு இடம் தந்தனர். இவ்விரண்டும் கூடியதனாலேயே அன்று கண்டியிலே ஒரு வறிய குருவின் பணி நிலைத்தது. பருவங்கள் எவர் விருப்பப்படியும் மாறுவதில்லை. ஆனால் பெருநோய்க் காலத்தில் அயலான் வீட்டுக் கதவைத் தட்டுவதா, அடைத்துச் செல்வதா என்பது மனிதரின் கையிலேதான் இருக்கிறது.