உரைத்துப் பார்த்த பொன்



நேற்றிரவு இத்திருமண்டபத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை விரித்துரைத்தோம். உரை முடிந்தபின் அன்பர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். "தொலைபேசியில் எவரோ அழைக்கின்றார். 'நமசிவாய' என்று தொடங்குகின்றார். இன்ன சிவாலயத்தில் அன்னதானம், இன்ன ஊரில் பசுமடம், நோயுற்ற குழந்தைக்கு மருத்துவம் என்று பொருள் கேட்கின்றார். மெய்யோ பொய்யோ அறியோம். திருநீற்றுக் கோலம் பூண்டு வந்த பகைவனுக்குத் தம் உயிரையே கொடுத்தார் நாயனார். சிவபெருமான் பெயரைச் சொல்லிக் கேட்பவனுக்கு ஐந்நூறு ரூபாய் இல்லை என்று சொல்வது அபசாரம் ஆகாதோ?" என்றார். அவர் ஓய்வூதியத்தில் வாழ்பவர். இவ்வாறு கொடுத்தது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கவும் அஞ்சுகின்றார். அவ்வையம் அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆதலின் இன்று அதனையே பொருளாகக் கொள்வோம்.

திருக்கோவலூரில் நடந்தது யாது? போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் நீறு பூசிச் சடை முடித்து, சுவடிக்கட்டினுள் படையை மறைத்து வந்தான். வாயில் காத்த தத்தன், அரசர் உறங்கும் வேளை இது என்று தடுத்தான். வந்தவன் கேட்கவில்லை. வேறெங்கும் இல்லாத ஆகமம் ஒன்று கொணர்ந்ததாகச் சொன்னான். அரசமாதேவியும் அருகில் இருத்தலாகாது, தனியிடம் வேண்டும் என்றான். வஞ்சகனுக்குரிய இலக்கணம் முழுவதும் இங்கே வந்துவிட்டது பாருங்கள். காலமல்லாக் காலத்தில் வருதல், கிடைத்தற்கரியது என்று ஆசை காட்டுதல், உடனிருப்போரை விலக்குதல். இன்றைய அழைப்பிலும், "இன்று மாலைக்குள் அனுப்பவேண்டும், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றால் புண்ணியம் தவறிப்போகும்" என்னும் பேச்சு வருகின்றதன்றோ?

எனின், நாயனார் வணங்கினாரே எனலாம். அவர் வணங்கியது தம் கண்முன் நின்ற திருவேடத்தை. தொலைபேசியில் வேடம் ஏது? நீறும் இல்லை, சடையும் இல்லை. குரல் ஒன்றே உண்டு. மேலும் நாயனார் கொடுத்தது தமக்கே உரிய உயிர். நாம் கொடுப்பதோ அடியார் பசிக்கென்று எண்ணி எடுத்து வைத்த பொருள். அது வஞ்சகன் கைக்குப் போனால், உண்ணவேண்டியவர் ஒருவர் பட்டினி கிடக்கின்றார். அந்தப் பட்டினியை நாயனார் வரலாற்றைக் காட்டி நியாயம் செய்தல் இயலாது.

ஆராய்ந்து பார்த்தல் பக்திக்கு இழுக்கு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்ததோ, நாம் அறியோம். நம் ஆசாரியர்களிடமிருந்து வந்ததன்று. தம்பிரான்தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என்பது திருவருள். ஆற்றில் இடும்முன் அவர் செய்தது யாது? அப்பொன்னில் சிறிது வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். ஆரூரில் குளத்திலிருந்து எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடினார், பொன்னும் மாற்று ஒத்தது. கொடுத்தவன் சிவபெருமான், பெற்றவர் அவன் தோழர். அங்கும் உரைகல் உண்டு! இறைவன் சினந்ததாகச் சேக்கிழார் பெருமான் சொல்லவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலைக் காண்க. இராசராச சோழன் தான் கொடுத்தவற்றையும், தமக்கையார் குந்தவையார், தேவியர், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். நகைகளின் நிறையை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் குறித்தான். நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வைத்து, அவற்றை ஏற்ற இடையர் இன்னார் என்றும் எழுதினான். பேரரசனே கல்லில் பற்றுச்சீட்டு எழுதியிருக்க, நாம் ரசீது கேட்கக் கூசுவானேன்?

ஆகவே அழைப்பு வந்தால் அறக்கட்டளையின் முழுப்பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். மெய்யானவர் பொறுமையாகச் சொல்வார். பொய்யர் பேச்சை மாற்றுவார், அல்லது குறை வரும் என்று அச்சுறுத்துவார். கொடாதவரைச் சபிக்கும் கோயில் ஒன்று உண்டோ? எண்ணம் இருந்தால், அவர் தரும் எண்ணில் அன்று, நீங்களே தேடியறிந்த எண்ணில் அத்திருக்கோயில் அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் 2002ஆம் ஆண்டு முதல் அன்னதானத் திட்டம் நடைபெறுகின்றது; அலுவலகத்திலேயே செலுத்தி ரசீது பெறலாம். பணம் பெறுவதற்கு நம் யூபிஐ இரகசிய எண் எவருக்கும் வேண்டுவதில்லை. அதனையோ ஓடிபியையோ கேட்பவன் நன்கொடை கேட்பவன் அல்லன். மறுமுனையில் பேசும் இளைஞர் கூலிக்கு அமர்ந்த ஏழையாகவும் இருக்கலாம். அவரை வைதல் வேண்டா. "நேரில் செலுத்துவோம்" என்று சொல்லி வைத்துவிடுதல் போதும்.

முகவரி சரியாகத் தோன்றினாலும் எழுத்தெழுத்தாக நோக்குதல் வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்து 'பிஎம் கேர்ஸ்' நிதி தொடங்கிய சில நாட்களிலேயே, அதன் யூபிஐ முகவரியில் 'எஸ்' என்னும் ஓரெழுத்தை மட்டும் குறைத்துப் போலி முகவரி ஒன்று படைக்கப்பட்டது; பின்னர் அது முடக்கப்பட்டது. 2023 டிசம்பரில் அயோத்தி இராமர் கோயிலின் பெயரால் கியூஆர் குறியீட்டை அனுப்பிப் பணம் திரட்டுவதாகவும், அதற்கு எவருக்கும் இசைவு தரப்படவில்லை என்றும் விசுவ இந்து பரிஷத் எச்சரித்தது.

இனி ஒரு கேள்வி எஞ்சுகின்றது. முத்தநாதனை எவரும் ஊறு செய்யாவண்ணம் ஊரெல்லை கடத்திவிடுமாறு தத்தனைப் பணித்தாரே நாயனார். ஏமாற்றியவனைப் பற்றிப் புகார் செய்தல் அவர் வழிக்கு மாறன்றோ? மாறன்று என்பதே நம் துணிபு. நாயனார் பொறுத்தது தமக்கு நேர்ந்த தீங்கை. நம்மை ஏமாற்றியவன் அடுத்த வீட்டு மூதாட்டியையும் அழைப்பான். அவர்பொருட்டு நாம் பொறுத்துவிட உரிமை இல்லை. பணம் போயிற்று என்று தெரிந்தவுடன் நாணி மறைக்காமல், 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் அறிவித்தல் வேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

நாளை மாலை இளையான்குடி மாறனார் வரலாறு. நள்ளிரவு மழையில் வாயிலில் நேரே வந்து நின்ற அடியாருக்கு, விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து அமுது சமைத்த அவ்விருவரின் கதையை, திருவருள் கூட்டினால், விரிவாகக் காண்போம்.