பக்கவாதமும் பன்னிரண்டு மணி நேர வேலையும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தெருவில் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டால் என்ன சொல்கிறோம்? "காற்று அடித்துவிட்டது", "செய்வினை", "தலையெழுத்து" என்கிறோம். நேற்று வரை மூட்டை தூக்கியவர் இன்று திண்ணையில் கிடக்கிறார். அவர் சம்சாரம் கூலிக்கும் போக வேண்டும், அவரைக் குளிப்பாட்டவும் வேண்டும். பெரிய பெண்ணின் படிப்பு அதோடு நின்றது. இந்தப் பாரிசவாயுவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துவிடுகிறது. ரத்தம் எட்டாத பகுதி நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே போகிறது. உலகில் வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேருக்கு இது புதிதாக வருகிறது. அதில் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பணக்கார நாட்டார் அல்ல. நம்மைப் போன்ற நாட்டு ஜனங்கள்.

32 நாடுகளில் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, பத்துக் காரணங்களே பத்தில் ஒன்பது பக்கவாதங்களுக்குப் பின்னால் இருக்கின்றன என்று கண்டது. முதல் இடம் ரத்தக் கொதிப்புக்கு. புகையிலை, குடி, சர்க்கரை வியாதி, சாப்பாடு, மனக்கவலை எல்லாம் அதில் உண்டு. பீடியை விடுங்கள் என்று சொல்கிறோம். சொல்கிற எங்களிலும் இரண்டு பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள் என்கிறார் டாக்டர். நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாதாம். சரிதான். பழைய சோற்றுக்கு வேறு என்ன தொட்டுக்கொள்வது என்பதற்கு எந்தக் கூலி பதில் சொல்லும்?

கொதிப்பு வலிக்காது. அதுதான் அதன் சூது. தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை! அளந்து பார்க்காதவர் பலர். மாத்திரை வாங்கி, தலைச்சுற்றல் நின்றதும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிட்டவர் பலர். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, தோழர்களே. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

இப்போது முதலாளிமார் பேசாத விஷயத்துக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021-ல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் நீண்ட நேர உழைப்பால் வந்த பக்கவாதத்தில் 3 லட்சத்து 98 ஆயிரம் பேர் மாண்டார்கள். இந்தச் சுமை அதிகமாக விழும் பிராந்தியங்களில் ஒன்று நம் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம். இந்தியா அதில்தான் சேர்கிறது. கணக்குப் போடுங்கள். 12 மணி நேர ஷிப்டு, வாரத்துக்கு ஆறு நாள்: 72 மணி! வயலிலோ மணி பார்ப்பவரே கிடையாது. பீடியை விடச் சொல்லி நம்மிடம் கேட்கலாம்; ஓவர்டைமை விடச் சொல்லி யாரிடம் கேட்பது? அதனால்தான் எட்டு மணி நேரக் கோரிக்கையை வைத்தியக் கோரிக்கை என்றும் சொல்கிறோம். ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலைக்குள்ளேயே கொதிப்பு அளக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

வந்துவிட்டால்? முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கை தானாக இறங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே 108. வாயில் சோடாவோ கஷாயமோ ஊற்றாதீர்கள்; புரையேறும். புறா ரத்தம் தடவி ஒரு ராத்திரியை வீணாக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்; குழாய் வெடித்தவருக்கு அதே ஊசி எமன். ஆகவே ஸ்கேன் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது என்ற மணியை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மில் தோழர்களுக்கு இன்னொன்று. ஈ.எஸ்.ஐ. விதிகளில் நீண்டகால வியாதிப் பட்டியலில் பக்கவாதமும் இருக்கிறது. இரண்டு வருஷ சர்வீசும் போதிய சந்தாவும் உள்ளவருக்கு, கூலியில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்க வழி உண்டு. கேட்டு வாங்குங்கள். வயல் தோழர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது.

வாசலில் நர்ஸ் அம்மா கொதிப்பு பார்க்கும் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் வாருங்கள். பெண்கள் முதலில். நாங்களும் நிற்கிறோம்.