கால்தடமில்லாக் கொலையாளி

பூட்டிய மாளிகை அறைக்குள் ஒரு பிணம். கொலையாளி நுழைந்த வழி யாது? துப்பறியும் கதைகள் இக்கேள்வியால்தான் பிழைக்கின்றன. எல்லவுக்கு அயலிலுள்ள அப்புத்தளைக்கோ, 1845ஆம் ஆண்டு, கதவே வேண்டாத கொலையாளி ஒருவன் வந்தான். பதுளையின் உதவி அரசாங்க அதிபர் மேஜர் ரோஜர்ஸ், வாடிவீட்டு விறாந்தையில் நின்றவாறே மாண்டார். கத்தியில்லை; கால்தடமில்லை. கொன்றது மின்னல்!

ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். ஆகவே, ‘யானைகளின் பழி’ என்று ஊரார் தீர்ப்பெழுதினர். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் பிளந்தது என்பது அவர்கள் காட்டும் சாட்சியம்.

நேயர்களே, மின்னலுக்குப் பகையேது? மலைமுகட்டில், இடிமழையில், வெளியே நின்றார், மாண்டார். அவ்வழக்கில் குற்றவாளியே இல்லை. யானைகளின் வழக்கில் குற்றவாளி உண்டு, விசாரணைதான் இல்லை. அக்காலத்தில் யானையைக் கொன்றவருக்கு அரசாங்கம் சன்மானமல்லவா வழங்கியது!