வளைகுடா வெயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(தாராவியில் நடந்த நமது சங்கத்தின் மே மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று என்னைப் பேசச் சொன்ன பொருள் ரேஷன் கார்டு. அதைச் செயலாளர் என்னைவிட நன்றாகப் பேசுவார் என்பதால், வேறொன்றைப் பேச அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். சென்ற வாரம் சங்க அறைக்கு மூன்று இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் துபாய், ஒருவர் தமாம், ஒருவர் குவைத் போகிறார். மூவருக்கும் ஜூன் மாதம் டிக்கெட். காண்டிராக்டைப் படித்துச் சொல்லுங்கள் அண்ணே என்று நீட்டினார்கள். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு உண்டா, ஓவர்டைம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். வெயிலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானே எடுத்துச் சொன்னபோது, "திருநெல்வேலிக்காரன் பார்க்காத வெயிலா அண்ணே?" என்று ஒரு தம்பி சிரித்தார்.

நாம் பார்க்காத வெயில்தான், தோழர்களே. ரயில்வேயில் சேர்ந்த புதிதில் நான் ஐந்து வருடம் புசாவலில் இருந்தவன். மே மாதத்தில் 45 டிகிரி பார்த்தவன். பார்சல் ஆபீசின் இரும்புக் கதவைத் துணி சுற்றித்தான் தொடுவோம். குவைத்தில் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவாயிற்று. அதையும்விடக் கடலோர ஊர்களில் இருக்கிற ஈரம் பொல்லாதது. மும்பை மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை அல்லவா? அதுபோல அங்கே உடம்பில் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். நிழலில் நின்றாலும் ஏறும். ஆகஸ்டில் இரவிலும் இதே கதை. ரியாத் போன்ற உள்நாட்டு ஊர்களில் இதற்கு நேர்மாறு. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு போயிற்று என்று தெரியும்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தங்கை கணவர் ஒரு வளைகுடா நாட்டின் துறைமுக ஊரில் ஷட்டரிங் கார்பெண்டராக இருந்தார். நாலு வருட அனுபவம். நல்ல உடம்பு. குடி கிடையாது. 2017-ல் ஊர்க் கொடைக்கு லீவில் வந்தார். இரண்டு மாதம் இருந்தார், வீட்டுக்கு ஓடு மாற்றினார், தங்கை மகளுக்குக் காது குத்தினோம். செலவு கையை மீறிவிட்டது. ஜூலை மாதம் திரும்பிப் போனார். போன இரண்டாம் நாள் இரவு போனில் பேசினோம். "என்ன மாப்பிள்ளே, ஓவர்டைம் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன். "நாளையிலேர்ந்து மச்சான்" என்றார். மறுநாள் மாலை நாலரை மணிக்கு வேலையிடத்தில் விழுந்தார். அவர் பேச்சு மதியத்திலிருந்தே குழறியது என்றும், தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம் என்றும் கூட வேலை பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று இத்தனை வருடமாகியும் எனக்குப் பதில் இல்லை. காது குத்துக்கு வாங்கிய கடனில் என் கையெழுத்தும் இருந்தது.

பிறகு ஒரு டாக்டர் தோழர் விளக்கியபோதுதான் புரிந்தது. வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகிறது. பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும், நெஞ்சு படபடப்பு அடங்கும். ஆனால் வெயிலில் வேலை செய்யாமல் ஒரு வாரம் இருந்தாலே அந்தப் பழக்கம் குறையத் தொடங்கும், ஒரு மாதத்தில் போயே போய்விடும். நாலு வருட அனுபவம் கையில் இருக்கும், உடம்பில் இராது. அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வெயிலில் நிற்கலாம், பிறகு நாளுக்கு ஒரு பங்காக ஏற்றிக்கொள்ளலாம். பழைய ஆள் லீவிலிருந்து திரும்பினால் முதல் நாள் பாதி. என் மாப்பிள்ளை முதல் நாளே முழு ஷிப்ட் நின்றார், மூன்றாம் நாள் அதற்கு மேல் ஓவர்டைம்.

ரயில்வேயில் இருக்கிற தோழர்களுக்கு ஒன்று தெரியும். வெயில் ஏறினால் தண்டவாளம் நீளும், வளையும். ஆகவே தண்டவாளத்தின் சூடு ஓர் அளவைத் தாண்டினால் வெயில் ரோந்து போட வேண்டும் என்று விதி இருக்கிறது. இரும்புக்கு எத்தனை டிகிரி தாங்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இரும்பைப் பார்க்க மத்தியானம் கொடி பிடித்து நடக்கிறானே டிராக்மேன், அவனுக்கு எத்தனை டிகிரி தாங்கும் என்று யார் எழுதி வைத்தார்கள்? இதை அடுத்த கூட்டத்தில் தனியாகப் பேசுவோம்.

ஆகவே முதல் யோசனை, எந்த மாதம் போவது என்பது. நம் குடும்பங்களில் என்ன செய்கிறோம்? கொடை, பள்ளிக்கூட லீவு, கல்யாணம் எல்லாம் சித்திரை, வைகாசியில் வருகிறது என்று பிள்ளையை அப்போது வரவழைக்கிறோம். அவன் ஆனியில் திரும்புகிறான். பழகாத உடம்போடு, கடனோடு, நெருப்பில் போய் இறங்குகிறான். கம்பெனி ஒத்துக்கொண்டால் லீவை ஜூலை, ஆகஸ்டில் எடுக்கச் சொல்லுங்கள். டிக்கெட் விலை கூடும், கொடை தப்பிப் போகும், எனக்குத் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் அக்டோபருக்குத் தள்ளிப் போட முடியுமா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். முடியாது என்பான். கேட்டுத்தான் பாருங்கள். அந்தத் தமாம் தம்பிக்கு நானே போன் போட்டுப் பேசினேன், செப்டம்பர் கடைசிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இருவருக்கும் முடியவில்லை.

இரண்டாவது, சட்டம். அங்கே சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். திறந்த வெயிலில் மத்தியான வேலைக்குத் தடை இருக்கிறது. எமிரேட்ஸில் 2005-லிருந்தே உண்டு. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம். சவூதியில் அதே மூன்று மாதம், 12 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 11 முதல் 4 வரை. ஓமானில் அதே மாதங்கள், 12.30 முதல் 3.30 வரை. கத்தாரில் 2021-லிருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. அதோடு, சூடு, ஈரம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1-க்கு மேல் காட்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். இந்த நேரங்களை ஒரு சீட்டில் எழுதிப் பையனின் பர்ஸில் வையுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் சரி.

சட்டத்தில் ஓட்டை இல்லாமலில்லை. காலை 4 மணிக்கு எழுப்பி 11 வரை வேலை வாங்கி, கேம்புக்கு அனுப்பாமல் அங்கேயே எங்காவது படுக்க வைத்து, 3 மணிக்கு மறுபடி எழுப்பி இரவு வரை வாங்குகிறார்கள். சட்டப்படி சரி, தூக்கம் போயிற்று. தூங்காத உடம்பு வெயில் தாங்காது. சமையற்கட்டில் நிற்கிறவருக்கும் வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்கும் இந்தத் தடையால் பயனே இல்லை. பாலைவனத்தில் ஒற்றை ஆளாய் ஆடு மேய்க்கிறவனை எந்த இன்ஸ்பெக்டர் போய்ப் பார்ப்பார்? சவூதியிலும் எமிரேட்ஸிலும் கத்தாரிலும் நம்மவர்கள் சங்கம் அமைக்க முடியாது. ஆகவே தனி ஆளாய் போர்மேனிடம் சண்டைக்குப் போகாதே என்றுதான் நான் சொல்வேன். நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். தேதி, நேரம், இடம் குறித்து வையுங்கள். தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் சொல்லும் எண்ணை இங்கிருந்தே எழுதிக்கொண்டு போங்கள். இதில் நாம் பீற்றிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. கேரளத்தில் வெயில் காலத்தில் தொழிலாளர் ஆணையர் மத்தியான ஓய்வுக்கு உத்தரவு போடுகிறார். அதுபோல் ஒன்றை மகாராஷ்டிர அரசிடம் கேட்டு நம் சங்கம் மனுக் கொடுத்தால் என்ன என்பது என் யோசனை.

மூன்றாவது, உடம்பு. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். அதற்காக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். கக்கூஸ் தூரமாக இருக்கிறது என்று தண்ணீரைக் குறைக்கிறவர்கள் பலர். சிறுநீரகம் அங்கேதான் கெடுகிறது. வேலைக்குப் போகும் முன் ஒருவாய் சாப்பிட வேண்டும். லபன் என்று நம் மோர் போல ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும், உப்புப் போட்டுக் குடிக்கலாம். உப்புச் சர்க்கரைப் பொடிப் பாக்கெட் பத்து இங்கிருந்தே வாங்கிக் கொடுங்கள். முதுகுவலி என்று தினமும் வலி மாத்திரை போடுகிற வழக்கம் கேம்பில் பரவலாக உண்டு. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தை அடிக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போகுமுன் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. போனில் பிள்ளையிடம் "சாப்பிட்டியா, பணம் போட்டியா" என்று கேட்கிறீர்கள். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். மஞ்சள் கடுத்து டீத்தண்ணி நிறத்தில் போகிறது என்றால் அன்று ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பான். வீட்டுக்காகத்தானே நிற்கிறான்?

கூட இருக்கிறவன் உளறினால், தள்ளாடினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது தூக்கக் கலக்கம் இல்லை. உடம்பு வியர்த்துக்கொண்டிருந்தாலும் நம்பாதீர்கள். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, தலையோடு தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, கக்கம், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். எமிரேட்ஸில் 998, சவூதியில் 997, கத்தாரில் 999, குவைத்தில் 112. போர்மேனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

இருக்கிற கட்டடத்தையும் பாருங்கள். 2024 ஜூன் 12 விடிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்ததில் நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியர்கள் செத்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். போன முதல் நாளே படிக்கட்டு எங்கே, மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

கடைசியாக, சொல்லக் கசப்பான ஒன்று. என் மாப்பிள்ளையின் மரணச் சான்றிதழில் இதயமும் மூச்சும் நின்றது, இயற்கை மரணம் என்று எழுதியிருந்தது. யாருக்குத்தான் சாகும்போது இதயம் நிற்காமல் இருக்கிறது? கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019-ல் ஓர் இதயநோய் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. 2009 முதல் 2017 வரை இதயத்தால் இறந்ததாக எழுதப்பட்ட 571 பேரில் 200 பேர் வரை, வெயிலிலிருந்து காத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தையில் பணமும் அடங்கியிருக்கிறது. நம் அரசின் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவில் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் கட்டினால் 10 லட்சம். ஆனால் அந்தத் தொகை விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். எங்களுக்கு வந்த போனில், உடல் சீக்கிரம் வர வேண்டுமானால் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். தங்கை அழுதுகொண்டிருந்தாள். நான் படித்தவன், ரயில்வே கிளார்க், தினமும் நூறு காகிதம் படிக்கிறவன். படிக்காமல் போட்டுக் கொடுத்தேன். வேலையிடத்தில் விழுந்ததற்கு ரிப்போர்ட் கொடுங்கள், போலீஸ் அறிக்கை கொடுங்கள், என்ன வேலையில் எத்தனை மணிக்கு விழுந்தார் என்று எழுதுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு கேட்டபோது கம்பெனியிலிருந்து பதிலே வரவில்லை. பிரேதப் பரிசோதனை கேட்டால் உடல் வர நாளாகும். அது அந்தந்தக் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள், நடுராத்திரியானாலும்.

விசிட் விசாவில் போகச் சொல்லும் ஏஜெண்டைப் பற்றி இன்று பேச நேரமில்லை. வேண்டாம் என்பது மட்டும் போதும். வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு நான் சங்க அறையில் இருப்பேன். பிள்ளை அங்கே இருக்கிற வீட்டார் பாஸ்போர்ட் நகல், காண்டிராக்ட் நகல், கூடத் தங்கியிருக்கிற இரண்டு பேரின் போன் நம்பர், இவற்றை எடுத்து வாருங்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைப்போம். ஜூனில் போகிற அந்த இரண்டு தம்பிகளும் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், முதல் பக்கம் அவர்களுக்கு.