அம்மன் யாரிடமிருந்து காப்பாற்றினாள்?



என் பாட்டி ஊரில் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்குத் தனியாக ஒரு பொங்கல் வைப்பார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ‘காப்பாத்துன பொங்கல்’ என்று அதற்குப் பெயர். அம்மையிலிருந்தோ வெள்ளத்திலிருந்தோ அம்மன் ஊரைக் காப்பாற்றியிருப்பாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். எம்.ஏ. படிக்கும்போது ஒருநாள் பாட்டியிடம் கேட்டேன். “நம்மகிட்ட இருந்துதாண்டா காப்பாத்துச்சு” என்றார்.

தாத்தா காலத்தில் காலனி ஆட்கள் கூடிப்போய்த் தேர்வடத்தில் கை வைத்திருக்கிறார்கள். அடி விழுந்தது, போலீஸ் வந்தது, வழக்கு எங்கள் ஆட்கள் மேலேயே பாய்ந்தது. அடுத்த ஆடியில் ஊர் அம்மனுக்கு நன்றி சொன்னது. ஆண்டுதோறும் சொல்வதாக வேண்டிக்கொண்டது. அந்தப் பொங்கலுக்குப் பறை அடிக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

காலனிய ஆட்சிகளின் விடுமுறை நாட்களைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு இங்கிலாந்தில் ஓர் அண்ணன் இருப்பது தெரிந்தது. அவர் பிறந்த தேதி நவம்பர் 5. நமக்கு நவம்பர் என்றால் 1ஆம் தேதி, புதுச்சேரி விடுதலை நாள். 5ஆம் தேதி இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அங்கே அன்றிரவு நெருப்பு மூட்டுவார்கள், வெடி வெடிப்பார்கள், சில ஊர்களில் பொம்மை கொளுத்துவார்கள். பார்ப்பதற்கு நம் தீபாவளி மாதிரியே இருக்கும்.

1605இல் ராபர்ட் கேட்ஸ்பி என்பவரின் தலைமையில் சில கத்தோலிக்கர்கள், மன்னர் முதலாம் ஜேம்ஸ் நாடாளுமன்றத்தைத் திறந்து வைக்கும் நாளில் கட்டடத்தையே தகர்க்கத் திட்டமிட்டார்கள். பிரபுக்கள் அவைக்குக் கீழே இருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்தை அடுக்கினார்கள். முன்னிரவே கை ஃபாக்ஸ் பிடிபட்டார். சித்திரவதை, விசாரணை, மரண தண்டனை. இவர்களை நான் வீரர்களாக்க வரவில்லை. அது வெடித்திருந்தால் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள். இன்று போராட்டங்களில் ஃபாக்ஸின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வரும்.

நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. சதிகாரர்களின் விசாரணை 1606 ஜனவரி 27ஆம் தேதி. ஆண்டுதோறும் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளாக நவம்பர் 5ஐ ஆக்கும் மசோதாவை எட்வர்டு மாண்டகு என்ற உறுப்பினர் மக்களவையில் கொண்டுவந்தது ஜனவரி 23ஆம் தேதி. குற்றவாளிகள் கூண்டில் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பே நன்றி தயாராகிவிட்டது. 30, 31 தேதிகளில் தண்டனையை நிறைவேற்றினார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொரு பங்கிலும் பாதிரியார் நன்றி வழிபாடு நடத்த வேண்டும். எல்லோரும் காலை வழிபாட்டுக்கு வந்து ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தையே வாசித்துக் காட்ட வேண்டும். ‘எல்லோரும்’ என்பதில் கத்தோலிக்கரும் அடக்கம். சதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அதைக் கேட்டு நடுங்கிப்போன ஆயிரமாயிரம் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். அவர்களும் வந்து, தங்களிடமிருந்து நாட்டைக் காப்பாற்றியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும்! இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பாட்டியின் குரல் கேட்டது.

அதே கூட்டத்தொடரில் இன்னொரு சட்டமும் வந்தது. கத்தோலிக்கர்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு அபராதம், வக்கீல் தொழிலும் மருத்துவமும் செய்யக் கூடாது. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத்துக்கு விளக்கம் கேட்பவர்கள் இருப்பார்கள், வாதாடுபவர்கள் இருப்பார்கள். நன்றி வழிபாட்டில் எழுந்து நின்று யார் கேள்வி கேட்பது? அதனால்தான் அபராதத்தைவிட இந்த நாள் ஆபத்தானது என்கிறேன். குழந்தைக்கு வரலாறு தெரியாது, வெடி தெரியும். யார் பொம்மை எரிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இது புராட்டஸ்டண்டுகளின் குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரான்சை விட்டுவிட முடியுமா? 1572 ஆகஸ்டில், புனித பர்த்தலோமேயு திருநாளில் பாரிசில் தொடங்கி ஆயிரக்கணக்கான புராட்டஸ்டண்டுகளைக் கொன்றார்கள். முதலில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் அவர்களின் தலைவர் கொலிஞி. அதற்குப் பிறகு அந்த அக்டோபரில் பாரிஸ் உயர்மன்றம், செத்துப்போன கொலிஞியைச் சதிகாரர் என்று தீர்ப்பளித்தது. சதி வெளிப்பட்டதற்கு நன்றியாக ஆண்டுதோறும் அந்தத் திருநாளில் ஊர்வலம் நடத்தவும் உத்தரவிட்டது. கொன்றவர்கள் நன்றி சொல்கிறார்கள், அதுவும் கொன்ற தேதியிலேயே.

நவம்பர் 5 கப்பலேறி நம் கடற்கரைக்கும் வந்தது. 1680இல் சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைத் திறந்தார்கள். அன்றைய ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் நவம்பர் 5க்கான நன்றி வழிபாடும் சேர்ந்தே இருந்தது. கத்தோலிக்கர் மீதான சந்தேகமும் கூடவே வந்தது. 1746இல் இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று சொல்லி, கோட்டையை ஒட்டிய வெள்ளையர் நகரத்திலிருந்து கப்புச்சின் துறவிகளை வெளியேற்றினார்கள். அவர்களுடைய கோயிலையும் பறித்துக்கொண்டார்கள்.

அந்தக் கத்தோலிக்கர்கள் மட்டும் நம்மிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்பீர்கள். இதே புதுச்சேரியில் கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைத் தனியே பிரிக்கச் சுவர் இருந்தது. 1745இல் அவர்கள் முறையிட்டு அது இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறித்தவர்கள் அதற்காகக் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு சொல்கிறது. லண்டனில் ‘அவர்கள்’ ஆனவர்களின் மதத்தார் இங்கே வந்து, ஒரே ஜெபத்துக்கு நடுவில் சுவர் வைத்து ‘நாம்’ ஆகிக்கொண்டார்கள்.

இப்போது 1859. இரண்டரை நூற்றாண்டு கழித்து அந்த வழிபாட்டை நீக்கிய ஆண்டு அது. ஜனவரியில் விக்டோரியா அரசி ஆணையிட்டார், மார்ச்சில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தது. காலத்துக்கு ஒவ்வாது, வெறுப்பை வளர்க்கிறது என்ற பேச்சு அங்கே வெகுநாளாகவே இருந்தது. நல்லது. ஆனால் அதே 1859 மே 1ஆம் தேதி இங்கிலாந்தின் தேவாலயங்களில் இன்னொரு நன்றி வழிபாடு நடந்தது, 1857 கலகம் அடங்கியதற்காக. இந்தியாவில் கானிங் அதற்கு ஜூலை 28ஐக் குறித்தார். கத்தோலிக்கர்களைக் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுத்த கை, நாலு மாதத்துக்குள் நம் பக்கம் நீண்டது. அதை மட்டும் ஆண்டுதோறும் என்று ஆக்கவில்லை. கத்தோலிக்கர் விஷயத்தில் பட்ட பாடு போதும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

1857இல் எழுந்தவர்கள் எல்லோரும் நம் விடுதலைக்காக எழுந்தார்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சாதி கெட்டுவிடும் என்ற பயமும் அந்தக் கலகத்தில் இருந்தது. தோற்றவர்கள் எல்லோரும் நம்மவர்கள் இல்லை, ஜெயித்தவர்களும் இல்லை. நரகாசுரனை அசுரனாக்கியது யார் என்று பெரியார் இயக்கம் கேட்ட கேள்வியை, விழா எந்த மதத்துடையதாக இருந்தாலும் கேட்கலாம் என்கிறேன்.

நம் ஊரிலேயே இரண்டு ஜூலைத் தேதிகள் இருக்கின்றன. ஜூலை 14, பாஸ்டில் நாள். கலகம் செய்து ஜெயித்தவர்களின் நாள், இன்றும் இங்கே கொண்டாடுகிறார்கள். ஜூலை 30, 1936இல் ஆலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்த நாள். அப்போது பாரிசில் இருந்தது இடதுசாரி மக்கள் முன்னணி அரசு! இரண்டுக்கும் நடுவில் 16 நாள்தான். ஜூலை 30 அன்று மாலை போடப் போகிறவர்கள் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. செத்தவர்களுக்கு வணக்கம் செலுத்திவிட்டு, 8 மணி நேர வேலை எப்படிக் கிடைத்தது என்று பேசிவிட்டு வருகிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி உட்காரவைப்பதும் இல்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். போன ஆடிக்கு முன்னால் காலனிப் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். பொங்கலை நிறுத்தச் சொல்லலாம் என்றார்கள் சிலர். தேர்வடத்தில் கை வைத்தவர்களின் படத்தை அதே வெள்ளிக்கிழமை காலனியில் திறக்கலாம் என்றார்கள் சிலர். இருப்பதே ஒரே ஒரு குரூப் போட்டோ, அதில் யார் யார் என்று சொல்ல இன்று பாட்டி மட்டும்தான் இருக்கிறார். எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்றில்தான்: பறை அடிப்பதில்லை. பெரியவர்கள் பயந்தார்கள். வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார்கள். சிலரை அப்புறம் கூப்பிடவும் இல்லை.

ஊர்க்காரர்கள் வெளியூரிலிருந்து பேண்டு செட்டு வரவழைத்தார்கள். மறுநாள் பாட்டிக்குப் போன் போட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ஒரு தாளமும் சேரலடா” என்றார். “நான் கதவத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேட்டேன்.”